இளவெயில் காட்டிய குடுவை

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, கத்திரி வெயில் தொடங்கிய மே மாதம். தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக ஒரகடம் போகும் பேருந்தில், மடியில் ஓர் ஐஸ் பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள் தென்துருவக் கடல் இருந்தது.

கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். முழுக் கடல் இல்லைதான். ஐந்து கண்ணாடிக் குடுவைகளில் அடங்கிய கொஞ்சம் கடல். பெட்டியின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் என் முழங்காலில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா அதைப் படப்பை வரைக்கும் பொறுத்துக்கொண்டார். அதற்கு மேல் முடியவில்லை.

"இன்னாம்மா பொட்டியில? வஞ்சிரமா?"

"இல்லம்மா."

"எறாவா? தண்ணி சொட்டுது, ஆனா நாத்தத்த காணோமே."

"மீனெல்லாம் இல்லம்மா. பாசி."

"பாசியா!" சாட்சிக்கு ஆள் வேண்டும் என்பதுபோல் அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "எங்க மணிமங்கலம் ஏரில கால வெச்சா வழுக்கி வுடுது பாசி. அள்ளி அள்ளிக் கரைல போடறோம். அத்த போயி ஐஸ்ல வெச்சி, கொயந்த மாரி தூக்கிகினு வரியே! இன்னாத்துக்கு ஆவும் அது? துன்னுவாங்களா?"

"ஒரு சின்ன எறா இதத் தின்னும். அந்த எறாவத் திமிங்கலம் தின்னும்."

அவர் பெட்டியை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு மிகவும் பொறுப்பான குரலில், "அப்ப சீக்கிரம் எடுத்துகினு போ. பசியோட கீதோ இன்னாவோ," என்றார். பின்சீட்டு முழுவதும் சிரித்தது. ஆனால் ஒரு வளைவில் பேருந்து திரும்பி, வெயில் நேராக என் மடியில் விழுந்தபோது, அவர் தன் ஈரத்துண்டைப் பிழிந்து பெட்டியின் மேல் விரித்தார். நான் இறங்கும்வரை உடம்பைச் சன்னல் பக்கம் சாய்த்து அதற்கு நிழலாக உட்கார்ந்திருந்தார். அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். இந்தக் கதையில் அந்தத் துண்டு இன்னொரு தடவை வரும்.

அப்போது நான் சென்னையில் கடல் உயிரியல் ஆராய்ச்சி மாணவி. துருவக் கடல்களில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத செடிகள்தான் என் படிப்பு. வேரில்லை, இலையில்லை, ஒவ்வொரு செடியும் ஒரே ஓர் உயிரணு. உப்புத் தண்ணீர் சுழிய டிகிரிக்குச் சற்றுக் கீழேயும் உறையாமல் நெளிந்துகொண்டிருக்குமே, அந்தத் தண்ணீரில் அவை வாழ்கின்றன. குளிர் கூடினால் அவற்றின் உள்வேலை மெதுவாகும். ஒன்று இரண்டாகப் பிளக்கவே பல நாட்கள் ஆகும். கொஞ்சம் சூடு கூடினால் சுறுசுறுப்பாகிவிடும். இன்னும் கொஞ்சம் கூடினாலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்கு மேல் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் நோய், நொடி, எச்சரிக்கை எதுவும் கிடையாது, உடைந்து போய்விடும். ஒவ்வொரு வகைக்கும் அந்தக் கோடு எங்கே என்று தேடுவதுதான் என் வேலை.

ஐந்து குடுவைகளில் நான்கு எளிதில் வளர்கிற வகை. ஐந்தாவது அப்படி இல்லை. அது கடலில் மிதந்த பனிப்பாளத்தின் அடிப்பக்கத்தைச் சுரண்டி எடுத்தது. அதைக் கொண்டுவந்த ஆராய்ச்சிக் கப்பல் ஆண்டுக்கு ஒருமுறை போவது. அடுத்த முறை அதே பனியைப் பார்க்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எங்களிடம் இருந்தது அந்த ஒரு குடுவைதான். அது போனால், என் மூன்றாண்டுப் படிப்பின் பாதி போய்விடும். அதைவிட, அவ்வளவு தொலைவிலிருந்து அழைத்து வந்து இங்கே கைவிட்டுவிட்டோமே என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் தூங்கவிடாது.

எங்கள் ஆய்வகத்துக் குளிர்ப்பெட்டி கம்ப்ரெஸர் புகைந்து நின்றுவிட்டது. சரிசெய்யச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்பீர்கள். அது ஒரு மணி நேரம் குளிரும், ஒரு மணி நேரம் சும்மா இருக்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே பருவம் மாறும். அப்போதுதான் என் விடுதித் தோழி தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். சுங்குவார்சத்திரத்துக்காரர். ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைக்கூடப் பொறுப்பாளர். இங்கே செய்யும் கார்கள் பனி விழும் நாடுகளுக்கும் கப்பலேறின. அந்தக் குளிரில் ரப்பர் விறைத்து வெடிக்கிறதா என்று பார்க்க அவர்களிடம் குளிர் சேம்பர்கள் இருந்தன. ஆள் உயர இரும்பு அலமாரி; கதவில் சிறிய கண்ணாடிச் சன்னல்; பக்கத்தில் சிவப்பு எண்கள்; ஏற்ற ஒரு பொத்தான், இறக்க ஒரு பொத்தான். வெளியே ரோட்டில் தார் உருகிக்கொண்டிருக்க, உள்ளே யாரும் பார்த்திராத ஊர்களின் மார்கழி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அண்ணன் குடுவைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஒண்ணியும் காணோம்? வெறும் தண்ணியா கீது."

"உத்துப் பாருங்கண்ணா. லேசா வைக்கோல் நிறம் தெரியும்."

"எனக்கு இன்னா தெரியுது தெரியுமா? கேட்ல செக்யூரிட்டி என்னாண்ட கேக்கப்போற கேள்விதான் தெரியுது." சொல்லிக்கொண்டே ஒரு சேம்பரைக் காலி செய்து, ஒரு டிகிரியில் நிறுத்திக் கொடுத்தார். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே ஒரு டியூப் லைட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். தென்துருவத்துக் கோடையில் சூரியன் மறையாது. அதனால் லைட்டை அணைக்கவே கூடாது என்றேன். "சரி, மறையாது," என்றார், அதுவும் தன் பொறுப்புதான் என்பதுபோல.

அந்தச் சோதனைக்கூடத்தில் ரப்பர் பட்டைகளை அளந்து வெட்டிக் கொடுக்க ஒரு பெண் இருந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. ஸ்ரீபெரும்புதூரில் ஏழெட்டுப் பெண்களோடு ஒரே வாடகை அறையில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் முதல் ஷிஃப்டுக்கு வருகிறவள். நான் குடுவைகளை உள்ளே வைப்பதை, வெட்டிய ரப்பர் கையில் தொங்க, பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உசிருள்ளதாக்கா?"

"ஆமா."

"இதுக்குள்ளயா வைக்கப் போறிய? வெறச்சுப் போயிராதா?"

"இதுக்குக் குளிர்தான் வேணும். குளிர்ல இருந்தாத்தான் நல்லா இருக்கும்."

சரி என்று தலையாட்டினாள். ஆனால் அந்தக் கண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கொதிக்கும் கரிசலில் பிறந்து, இந்தக் கத்திரி வெயிலுக்குப் பிழைக்க வந்த ஒருத்தியிடம் போய், குளிர்தான் சுகம் என்று சொன்னால் எப்படி ஒத்துக்கொள்ளும்?

ஒன்றுவிட்டு ஒரு நாள் போய்ப் பார்ப்பேன். போகும்போதெல்லாம் அவள் எனக்கு முன்பே கண்ணாடிச் சன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டிருப்பாள். தேநீர் இடைவேளையில் உற்பத்தி லைன் பெண்களை வேறு அழைத்து வந்து காட்டுவாளாம். அவர்கள் "என்னடி, தண்ணியக் காட்டி உசிருன்னு சொல்லுத?" என்று கேலி செய்துவிட்டுப் போவார்களாம். ஐந்தாவது குடுவைக்கு அவள் ஒரு பெயரும் வைத்துவிட்டாள்: நோஞ்சான்.

"மத்ததெல்லாம் கொஞ்சமாவது நெறம் புடிக்கி. இந்த நோஞ்சான் வந்த மாதிரியே கெடக்கான்க்கா. வளரவே இல்ல."

"அது அப்படித்தான். ரொம்ப மெதுவா வளரும்."

"மெதுவான்னா?"

"ஒரு வாரத்துல ஒருக்கா கண்ணச் சிமிட்டும்னு வச்சுக்கயேன்."

"பாவம்லா," என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு விளங்காத ஏதோ பாரம் இருந்தது. அப்போது அதைக் கடந்துவிட்டேன்.

பிறகு என் பேராசிரியரோடு வேறோர் ஊருக்குப் போகவேண்டி வந்தது. பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. திரும்பிய மறுநாள் பொறுக்க முடியாமல் முதல் பேருந்தைப் பிடித்து ஒரகடத்தில் இறங்கினேன். கூட்டுரோட்டில் முதல் ஷிஃப்டை இறக்கிவிட்ட பஸ்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. கிழக்கு இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. அதற்குள்ளேயே கழுத்தில் வேர்வை.

சோதனைக்கூடக் கதவைத் தள்ளினேன். முதலில் சிவப்பு எண்ணைப் பார்த்தேன். ஐந்து. ஒரு டிகிரியில் விட்டுப்போன இடத்தில் ஐந்து. பதறிக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். நான்கு குடுவைகள் இருந்தன. வைக்கோல் நிறத்தில் விட்டுப்போனவை நல்ல தேநீர் நிறத்துக்கு வந்திருந்தன. அவ்வளவு செழிப்பாக அவற்றை நான் பார்த்ததே இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், மனசு குதித்தது. பிறகுதான் ஐந்தாவதின் இடம் காலியாக இருப்பது உறைத்தது.

திரும்பினேன். கிழக்குச் சன்னல் திண்டில் அது இருந்தது.

ஐஸ் பெட்டியோடு நான் அங்கேயே விட்டுப்போயிருந்த மணிமங்கலத்து அம்மாவின் துண்டை நனைத்துப் பிழிந்து, குடுவையைக் கழுத்துவரை சுற்றி, முகத்தை மட்டும் திறந்து, வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்திருந்தது. எதிரில் அந்தப் பெண் குந்தி உட்கார்ந்திருந்தாள். குளிப்பாட்டிய குழந்தையைத் துண்டில் சுற்றி இளவெயிலில் காட்டுவார்களே, அப்படி. வெயில் நேராகச் சுட்டுவிடாமல் இருக்க, தன் உள்ளங்கையை அதன்மேல் குடையாகப் பிடித்திருந்தாள்.

நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கத்தினேன். குடுவையைப் பிடுங்கி எடுத்தபோது அது என் கைக்கு இதமாக இருந்தது. அந்த இதம்தான் என்னைப் பயமுறுத்தியது. தண்ணீர் வெளிறிப்போய், அடியில் பஞ்சுபோல ஏதோ கொஞ்சம் படிந்திருந்தது. செத்த பாசி அப்படித்தான் படியும்.

சத்தம் கேட்டு அண்ணன் ஓடிவந்தார். ஓடிவந்தவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"யாரு கை வெச்சது சேம்பர்ல? நான் இவங்கதான் ஏத்தி வெச்சிட்டுப் போயிகீறாங்கன்னு நெனச்சிகினு கீறேன்! ஏம்மா, வாயத் தொற!"

"நாந்தான் சார்."

"இன்னாத்துக்கு?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மெல்லத்தான் தொடங்கினாள். பிறகு நிற்கவில்லை.

"எம்பிள்ள எட்டு மாசத்துலயே பெறந்துட்டான் சார். கைக்குள்ள அடங்கிருவான். பெரியாஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டிக்குள்ள போட்டு, மேல லைட்டு எரிய விட்டிருந்தாவ. வெளிய நின்னு பாக்கத்தான் விட்டாவ, தொட விடல. இதே மாதிரி சன்னல்தான். இதே மாதிரி லைட்டுதான். நர்ஸம்மா வந்து வந்து சூட்டக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிட்டுப் போவாவ. அப்பதான் அவன் தேறுனான். வீட்டுக்கு வந்தப்பறம் மஞ்சளாட்டம் இருந்தான்னு காலைல இளவெயில் காட்டச் சொன்னாவ. காட்டுனேன். எந்திரிச்சுட்டான்." அவள் என் பக்கம் திரும்பினாள். "இதுகளும் அப்பிடியேல்லா இருந்துச்சுக்கா. அதான் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுனேன். நாலு நல்லா நெறம் வச்சிச்சு. எனக்கு அவ்ளோ சந்தோசம். நோஞ்சான் மட்டும் வைக்கல. அதான் அவனுக்கு மட்டும் ரெண்டு நாளா வெயில் காட்டுனேன். சுட்ரக் கூடாதுன்னு துண்ட நனச்சித்தான் சுத்துனேன்."

பக்கத்துச் சேம்பரின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வந்ததுதான். ஆனால் வந்த கோபத்துக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை. என் மூன்றாண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பார்த்ததே இல்லாத ஒரு குழந்தை கண்ணாடிக்குள் கை காலை அசைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்ப எங்க இருக்கான்?" என்றுதான் கேட்க வந்தது.

"எங்கம்மைட்ட. ரெண்டு வயசாவப்போவுது."

அண்ணன் சேம்பர் கதவைத் திறந்து பிடித்தார். "சரி, அளுதது போதும். ரெண்டு பேரும்தான். மொதல்ல அத உள்ள வை."

உள்ளே வைத்தேன். மற்ற நான்கும் ஐந்து டிகிரிக்குப் பழகிவிட்டன. ஒரேயடியாக இறக்கினால் அவையும் தடுமாறும். ஷிஃப்டுக்கு ஒரு டிகிரியாக மெல்ல இறக்கவேண்டும். பொத்தானை அழுத்தப் போன என் விரல் பாதியில் நின்றது. அவளைக் கூப்பிட்டேன்.

"நீயே இறக்கு."

அவள் பின்வாங்கினாள். "வேண்டாம்க்கா. இனிமே தொடவே மாட்டேன்."

"நீதான் ஏத்துன. நீதான் இறக்கணும். வா."

விரல் மெல்ல வந்தது. பொத்தானின் மேல் நின்றது. "குளுருமேக்கா," என்றாள், கடைசி முறையாக மன்றாடுவதுபோல.

"குளிரும். அதுக்கு அதுதான் வீடு."

அழுத்தினாள். ஐந்து நான்கானது.

அடுத்த வாரம் வாடிக்கையாளர் கம்பெனிக்காரர்கள் சோதனை பார்க்க வருவதாக இருந்தது. எல்லாச் சேம்பரிலும் ரப்பர் தொங்கவேண்டும். நான் தயங்கித் தயங்கி அண்ணனிடம் போய் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "ரப்பர மத்ததுல நெருக்கிக் கட்டிக்கலாம். அதுக்கு இன்னா, உயிரா கீது? இது கெடக்கட்டும்," என்றார். வந்தவர்களில் ஒருவர் கண்ணாடி வழியாகக் குடுவைகளைப் பார்த்துவிட்டு, இது என்ன சோதனை என்று கேட்டாராம். "லைஃப் டெஸ்ட் சார்" என்று சொன்னாராம் அண்ணன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

ஒருவழியாக எங்கள் ஆய்வகத்துக் குளிர்ப்பெட்டி சரியானது. நான்கு குடுவைகளையும் எடுத்துப் போனேன். நோஞ்சானை எடுக்கவில்லை. அதில் உயிர் இருக்கிறது என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவேளை எங்கோ ஒரு துளி இருந்தால், ஒரகடத்திலிருந்து சென்னை வரைக்கும் பேருந்தில் குலுங்கி அது செத்துவிடக் கூடாது. பேராசிரியர் தொலைபேசியில், "அதை விட்டுடும்மா, கொட்டிட்டு மற்றதைக் கவனி," என்று பரிவாகத்தான் சொன்னார். கொட்டக் கை வரவில்லை. அவளிடம் விட்டுவிட்டுப் போனேன்.

"நான் என்னக்கா செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே. லைட் எரியணும். எண் மாறக் கூடாது. கதவத் திறக்கக் கூடாது."

"பாக்கலாமா?"

"எவ்வளவு வேணும்னாலும் பாரு."

அதற்குப் பிறகு நான் போன நாட்களில் அவள் சன்னல் முன் நிற்கும் தோரணை மாறியிருந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பாள். ஏன் இப்படி நிற்கிறாய் என்று கேட்டேன்.

"அந்த ஆஸ்பத்திரில இப்படித்தான் நிப்பேன். இல்லன்னா கை தன்னால கண்ணாடிக்குப் போயிரும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "ஒண்ணும் செய்யாம இருக்கதுதான்க்கா ரொம்பக் கஷ்டம். பிள்ளைய அங்க விட்டுட்டு இங்க வந்து ஒண்ணும் செய்யாமத்தான இருக்கேன். அது பழகிட்டுன்னு நெனச்சேன். பழகல."

நானும் அவள் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு பெண்கள், ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் வெறும் தண்ணீர். வெளியே சரக்கு லாரிகள் உறுமிக்கொண்டு போயின. எங்களைப் பார்த்தவர்கள் ஏதோ சந்நிதி என்று நினைத்திருப்பார்கள்.

ஜூன் போய், ஜூலையும் பாதி போனது. முதல் மழை ஒன்று பெய்து ஏமாற்றிவிட்டுப் போனது. ஒரு மத்தியானம் எங்கள் துறை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. ஒரகடம் கூட்டுரோட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து. பின்னால் பஸ் ஹாரன். அதற்கு மேல் அவள் குரல்.

"அக்கா, அடியில டீத்தூளு மாதிரி லேசா ஒரு கோடு தெரியி."

"அழுக்கா இருக்கும்மா." நம்புவதற்குப் பயமாக இருந்தது.

"அழுக்குன்னா நேத்தும் இருந்திருக்கணும்லா? நேத்து இல்ல. நான் தெனமும்லா பாக்கேன்."

மறுநாள் அதே பேருந்தில், அதே மடியில், இந்த முறை ஒரு மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு போனேன். சேம்பர் கதவை அத்தனை நாளுக்குப் பிறகு திறந்தேன். குளிர் எங்கள் முகங்களில் வந்து மோதியது. குடுவையை அசைக்காமல், அடியிலிருந்து ஒரே ஒரு சொட்டை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் வைத்தேன். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றார். குனியப் போன நான் நிமிர்ந்துவிட்டேன். முதலில் பார்க்கவேண்டியவள் நானில்லை.

"நீ பாரு."

"எனக்கு என்னத்தத் தெரியும்?"

"பாரு. என்ன தெரியுதோ சொல்லு."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

"இன்னாம்மா கீது? சொல்லேன்!" அண்ணனால் தாங்க முடியவில்லை.

"பெட்டி பெட்டியா இருக்கு சார்," என்றாள் மெல்ல. "கண்ணாடிப் பெட்டி. சின்னச் சின்னதா. நெறைய காலியா கெடக்கு." பிறகு அவள் குரல் மாறியது. "அக்கா, ஒண்ணுல இருக்கு. பொன்னு மாதிரி உள்ள இருக்கு. அக்கா, பக்கத்துலயும் ஒண்ணு. ரெண்டும் ஒட்டிட்டு இருக்கு. இங்கயும் இருக்குக்கா."

எனக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த வகைப் பாசிகள் தங்களைச் சுற்றி உண்மையாகவே கண்ணாடிச் சுவரைக் கட்டிக்கொள்கின்றன. கடல் நீரில் கரைந்திருக்கும் மணலின் சத்தை எடுத்து, மூடியும் அடியுமாக ஒரு பெட்டி. பாடப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருந்தேன். அன்றைக்கு அவள் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது என்னவென்று புரிந்தது. ஒட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டும் இரண்டல்ல. ஒன்று பிளந்து இரண்டானது. அந்தக் குளிரில், அந்த மெதுவில், யாரும் தொடாத அத்தனை நாட்களில், எங்கள் நோஞ்சான் கண்ணைச் சிமிட்டியிருந்தான்.

நிமிர்ந்தபோது அவள் கன்னமெல்லாம் ஈரம். அண்ணன் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, "எனக்கு ஒண்ணியும் தெரியலயே," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போகும் முன்பு ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "பிள்ளைய இங்க கூட்டிட்டு வந்துரணும்னுதான்க்கா நெனச்சுட்டு இருந்தேன். அந்த ரூமும், இந்த ஷிஃப்டும் அவனுக்குத் தாங்காது. நான் அங்க போறதுதான் சரி." சரியோ தப்போ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஊரில் அவளுக்கு வேலை கிடைத்ததா, கையில் அடங்கிய அந்தப் பையன் இப்போது எவ்வளவு உயரம், ஒன்றும் தெரியாது. நோஞ்சானின் வாரிசுகள் இன்றும் ஏதோ ஓர் ஆய்வகத்துக் குளிரில் மெல்ல மெல்லப் பிளந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் கோடு ஐந்து டிகிரிக்கும் கீழே என்று பிறகு கண்டுபிடித்தோம். மற்ற நான்கையும் செழிக்க வைத்த அதே சூடு, அதற்கு மட்டும் அதிகம்.

எனக்கு இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது. ஆராய்ச்சியை விட்டு, ஊர் ஊராக அலைந்து, ஏதேதோ எழுதி, ஒரு மகளையும் வளர்த்து ஆளாக்கிவிட்டேன். அவள் சில நாட்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, பேசாமல், தன் மெதுவில் இருப்பாள். அப்போதெல்லாம் கதவைத் திறந்து, வாரி எடுத்து, கொஞ்சம் வெயிலில் காட்டிவிட வேண்டும் என்று எனக்குள் பொங்கும். பொங்கும்போதெல்லாம் என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொள்கின்றன. எந்தச் சூட்டில் நீ உயிரோடு இருக்கிறாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவை முன்னால் வருகின்றன.